தோற்றவர் நிலத்துக்கு இரங்கும் எழுத்து

தமிழில் பரணி என்னும் சிற்றிலக்கியத்துக்குத் தனியொரு வழக்கு உண்டு. வென்றவனைப் பாடும் அந்நூல் தோற்றவரின் பெயரைத் தாங்கி நிற்கும். படை நடத்தி வென்றவன் கருணாகரத் தொண்டைமான். புகழ் பெற்றவன் முதற் குலோத்துங்கன். ஆயினும் செயங்கொண்டார் பாடிய நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தரும் தோற்றுப்போன தக்கன் பெயராலேயே தக்கயாகப்பரணி பாடினார். பெயர் தோற்றவருக்கு, புகழ் வென்றவருக்கு என்ற இப்பங்கீட்டை மரபு என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் எரிந்த கலிங்கத்தின் துயரத்தைக் கலிங்கத்தின் பெயர் தாங்கிய நூலில் தேடினால், அது வென்றவனின் வீரத்துக்குச் சான்றாக மட்டுமே கிடைக்கிறது.

இதற்கு மாற்றான ஒரு வித்தும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மண்ணாசையால் வேற்றுநாட்டின்மேல் படையெடுப்பதை வஞ்சித்திணை என்றார் தொல்காப்பியர். அதன் துறைகளுள் ஒன்று கொற்றவள்ளை. மன்னனின் வெற்றியைச் சொல்லிப் பகைவர் நாடு அழிந்தமைக்கு இரங்குவது அத்துறை எனப் பின்வந்தோர் விளக்கினர். கரிகாற்பெருவளத்தானைக் கருங்குழல் ஆதனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு இத்துறையைச் சார்ந்தது. அரசனின் புகழுக்காகவே அந்த இரக்கம் பாடப்பட்டது என்பது உண்மைதான். எனினும், பகைவரின் ஊர் எரிந்தால் அதற்கும் ஒரு புலவன் இரங்க வேண்டும் என்று நம் முன்னோர் இடம் ஒதுக்கி வைத்தார்கள்.

போரைப் பற்றிய எந்த நூலையும் மதிப்பிட இந்தத் துறையையே நாம் உரைகல்லாகக் கொள்ளலாம். எழுதியவன் எந்தத் தரப்பைச் சேர்ந்தவன்? மறு தரப்பின் எரிந்த ஊருக்காக அவன் இரங்கினானா? அந்த இரக்கத்துக்கு அவன் கொடுத்த விலை என்ன? இம்மூன்று கேள்விகளோடு, முதல் உலகப் போருக்குப் பின் கிரேக்கப் படை துருக்கிய தேசியப் படைமீது தொடுத்த போரைப் பற்றிய சில நூல்களை இங்கே நாம் அணுகுவோம்.

ஏழு திருச்சபைகளின் நிலம்

நமக்கு அந்நிலம் அந்நியமானதன்று. திருவெளிப்பாடு நூலில் யோவான் மடல் எழுதிய எபேசு, சிமிர்னா, பெர்காம், தியத்திரா, சர்தை, பிலதெல்பியா, இலவோதிக்கேயா ஆகிய ஏழு திருச்சபைகளும் மேற்குச் சின்ன ஆசியாவில் இருந்தவை. புனித போலிக்கார்ப் சிமிர்னாவின் ஆயர். பவுல் மடல் வரைந்த கலாத்தியரின் நாட்டில்தான் இன்றைய அங்காரா இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிமிர்னாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இலட்சக்கணக்கான கிரேக்கக் கிறிஸ்தவர்கள் துருக்கிய இஸ்லாமியரோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வந்தனர்.

உலகப் போரில் துருக்கிப் பேரரசு தோற்றது. 1919 மே 15ஆம் நாள், பிரித்தானியப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் உள்ளிட்ட வல்லரசுத் தலைவர்களின் இசைவோடு கிரேக்கப் படை சிமிர்னாவில் இறங்கியது. பழைய பைசாந்தியப் பேரரசை மீட்பதே கிரேக்கப் பிரதமர் வெனிசெலோசும் அவர் நாட்டாரும் கண்ட பெருங்கனவு. 1920 கோடையில் படை உள்நாட்டுக்குள் முன்னேறிப் புர்சா நகரைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை சிமிர்னாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் கிரேக்கரின் நிர்வாகத்தில் வைத்தது. முஸ்தபா கெமாலின் தலைமையில் அங்காராவில் திரண்ட தேசியவாதிகள் அதை ஏற்க மறுத்தனர்.

வஞ்சிக்கு அகத்திணை முல்லை என்பார் தொல்காப்பியர். படை வெளியே செல்லும்போது வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். கிரேக்க நாட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. 1912 முதல் ஏறத்தாழ ஓய்வின்றிப் போர்க்களத்தில் பிள்ளைகளை வைத்திருந்த மக்கள் 1920 நவம்பர்த் தேர்தலில் வெனிசெலோசைத் தோற்கடித்தார்கள். ஆனால் போரை முடிப்பார்கள் என்று நம்பப்பட்ட புதிய ஆட்சியினரும் நாடு திரும்பிய மன்னர் கான்ஸ்தந்தீனும் போரைப் பெருக்கவே செய்தனர். 1921 ஜனவரியிலும் மார்ச்சு இறுதியிலும் இனொனு என்னுமிடத்தில் துருக்கியர் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். ஜூலையில் பெரும்படையுடன் மீண்டும் தாக்கி அபியோன் கராகிசார், குத்தாகியா, எஸ்கிசெகிர் ஆகிய நகரங்களைக் கிரேக்கர் பிடித்தனர். துருக்கியர் பின்வாங்கிச் சகாரியா ஆற்றின் கீழ்க்கரைக்குச் சென்றனர்.

அங்கே நின்றிருக்கலாம். ஆனால் ஜூலை இறுதியில் குத்தாகியாவில் கூடிய போர் மன்றம் அங்காராவை நோக்கிச் செல்ல முடிவெடுத்தது. சிமிர்னாவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, ஆகஸ்டு வெயில், நீரற்ற உப்புப் பாலையின் ஓரம், ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போகும் உணவு வழி. 1921 ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 13 வரை, இருபத்திரண்டு நாளும் இரவும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீண்ட முனையில் போர் நடந்தது. பீரங்கி முழக்கம் அங்காராவில் கேட்டது. அப்பால் கிரேக்கரால் நகர முடியவில்லை. அப்பமும் குண்டும் தீர்ந்து திரும்பிய படை, வழியிலிருந்த பாலங்களையும் ஊர்களையும் அழித்துக்கொண்டே மேற்கே சென்றது. ஓராண்டு கழித்து, 1922 ஆகஸ்டு 26இல் துருக்கியர் தொடுத்த தாக்குதலில் அப்படை சிதறியது. பின்வாங்கும் வழியில் அது எரித்த ஊர்களுள் ஒன்று அலாசெகிர். யோவான் மடல் எழுதிய பிலதெல்பியா அதுவே.

பேராசிரியரின் சாட்சியம்

இப்போரைப் பற்றி எழுந்த நூல்களுள் முதன்மையானது ஆர்னால்டு டாயின்பி எழுதி 1922இல் வெளியான ‘கிரேக்கத்திலும் துருக்கியிலும் மேற்குலகப் பிரச்சினை’ என்று நாம் பெயர்க்கக்கூடிய ஆங்கில நூல். பின்னாளில் பன்னிரு தொகுதிகளில் உலக நாகரிகங்களின் வரலாற்றை எழுதிய அதே டாயின்பிதான்.

இவரைத் துருக்கியரின் நண்பர் என்று அன்று எவரும் சொல்லியிருக்க முடியாது. ஆர்மேனியக் கிறிஸ்தவர்கள் 1915இல் கொன்றொழிக்கப்பட்டதற்கான சான்றுகளைத் திரட்டிப் பிரித்தானிய அரசுக்காக 1916இல் நூலாகத் தொகுத்தவர் அவரே. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவர் வகித்த நவீன கிரேக்க, பைசாந்திய வரலாற்றுப் பேராசிரியப் பதவி கிரேக்கரின் நன்கொடையால் நிறுவப்பட்டது. அவருடைய கல்வி கிரேக்கம், அன்பு கிரேக்கம், ஊதியமும் கிரேக்கம். பரணி பாட அவரைவிடப் பொருத்தமான புலவர் கிடைத்திருக்க மாட்டார்.

1921இல் அவர் ‘மான்செஸ்டர் கார்டியன்’ நாளிதழின் செய்தியாளராக அப்போர்க்களத்துக்குச் சென்றார். மர்மாராக் கடலோரத்தில் யாலோவா, கெம்லிக் பகுதிகளில், கிரேக்கப் படையின் ஆதரவோடு இஸ்லாமிய ஊர்கள் எரிக்கப்பட்டதையும் ஊரார் கொல்லப்பட்டதையும் அவர் கண்டறிந்தார். தப்பியவர்கள் கடற்கரையில் கப்பலுக்காகக் காத்திருந்ததை நேரில் கண்டார். நேச நாடுகள் அமைத்த விசாரணைக் குழுவும், பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியும் அதே மாதங்களில் அங்கு சென்று ஏறத்தாழ அதே முடிவுகளுக்கே வந்தனர். ஐந்தாண்டுகளுக்கு முன் துருக்கியரின் கொடுமையை எழுதிய அதே பேனாவால் டாயின்பி கிரேக்கரின் கொடுமையையும் எழுதினார்.

விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. நன்கொடையாளர்கள் கொதித்தெழுந்தனர். 1924இல் அவர் பேராசிரியப் பதவியைத் துறக்க நேர்ந்தது. உண்மை பேசுவதற்கு ஒருவர் கொடுக்கும் விலை எப்போதும் சிலுவையாகவோ வாளாகவோ இருப்பதில்லை. பெரும்பாலும் அது மாத ஊதியமாகவும், நேற்றுவரை கைகுலுக்கியவர்களின் முகத்திருப்பலாகவும் வருகிறது. நம்மில் பலருக்கும் வரக்கூடிய விலை இது. ஆகவேதான் இந்நூலின் பின்புலம் நம்மைத் தொடுகிறது.

இந்நூலின் ஆற்றல் அதன் நடுநிலையில் இருக்கிறது என்று சொல்வதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இரு தட்டிலும் சமமாக எடையை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவரின் நடுநிலை மலிவானது. தாம் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்று உலகம் எண்ணியதோ, அந்தத் தரப்பின் குற்றத்தைக் குறைக்காமல் சொன்னதுதான் டாயின்பியின் ஆற்றல்.

நூலின் குறை

இவ்வளவு சொன்னபின், நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதற்குறை, விளக்கத்தின் மிகுதி. மேற்குலகின் நிழல் கீழ்த்திசைமேல் விழுந்ததே இவ்வழிவுக்கு மூலம் என்பது டாயின்பியின் கொள்கை. தேசியம் என்னும் மேற்கத்திய கருத்து, பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த நிலத்தில் இறக்குமதியானது. வல்லரசுகள் தம் போட்டிக்காகக் கிரேக்கரையும் துருக்கியரையும் காய்களாக நகர்த்தின. இதில் பேருண்மை இருக்கிறது. ஆனால் பழி முழுவதும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டால், யாலோவாவில் கூரைக்குத் தீ வைத்த கை எங்கே போயிற்று? கட்டமைப்புப் பாவம் என்பதை இறையியல் ஏற்கிறது. அதே இறையியல், கட்டமைப்பின் பின்னே தனிமனிதன் ஒளிந்துகொள்வதை ஏற்பதில்லை. டாயின்பியின் பக்கங்களில் அரசியலாளர் குற்றவாளிகளாக நிற்கிறார்கள். படைவீரர் சூழ்நிலையின் விளைபொருளாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை காலத்தால் நேர்ந்தது. சிமிர்னா எரிவதற்கு முன்பே இந்நூல் எழுதி முடிக்கப்பட்டது. 1922 செப்டம்பர் 9ஆம் நாள் துருக்கியப் படை அந்நகருக்குள் நுழைந்தது. கிரேக்கப் பேராயர் கிறிசோஸ்தோமோஸ் கும்பலிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 13ஆம் நாள் ஆர்மேனியர் பகுதியில் பற்றிய தீ, ஆர்மேனியரும் கிரேக்கரும் வாழ்ந்த தெருக்களைச் சாம்பலாக்கியது. துருக்கியரின் பகுதி தப்பியது. துறைமுகத் தளத்தில் மக்கள் திரள் கடலுக்கும் நெருப்புக்கும் நடுவே நின்றது. நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றன. இந்த நாள்களை அறியாத நூலை மட்டும் படிப்பவர், பாதித் துயரத்தையே அறிந்தவராவார்.

மூன்றாவது குறை நூலின் குரலில் இருக்கிறது. துன்புற்றோர் இதில் எண்ணிக்கையாகவும் சான்றாகவும் வருகிறார்கள். தம் வாயால் பேசுவதில்லை. அவர்களின் குரலுக்கு நாம் வேறு நூல்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அவர்கள் வாயால் கேட்டவை

துருக்கியத் தரப்பில் ஹாலிதே எதிப் அம்மையாரின் நூல் இருக்கிறது. சகாரியாப் போரின்போது படையில் சேர்ந்து பணியாற்றியவர். பின்வாங்கிய கிரேக்கப் படை அழித்த ஊர்களை ஆராய்ந்து எழுதும் பணியும் ஏற்றவர். 1928இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நினைவு நூல், தம் மக்களின் துயரத்தை உள்ளிருந்து சொல்கிறது. தம் ஊருக்காக அழுவது இயல்பு. அதற்காக மட்டும் நாம் ஒருவரைப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் வெற்றிபெற்ற தலைவரான கெமாலின் அதிகார வேட்கையையும் அவர் அந்நூலில் மறைக்காமல் எழுதினார். அதை எழுதியபோது அவர் தாய்நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்துகொண்டிருந்தார். 1935இல் இந்தியாவுக்கு வந்து தில்லி ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவாற்றியவரும் இவரே.

கிரேக்கத் தரப்பில் இலியாஸ் வெனேசிஸ் எழுதிய நூலின் தலைப்பு வெறும் ஓர் எண்: 31328. அது கைதியாக அவருக்கு இடப்பட்ட எண். 1922இல், பதினெட்டு வயதில் துருக்கியரால் பிடிக்கப்பட்டு, கட்டாய வேலைப் படையில் உள்நாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டவர். அவரோடு சென்ற ஏறத்தாழ மூவாயிரம் பேரில் உயிரோடு திரும்பியவர் இருபத்து மூவர் என்பர். இவ்வளவுக்குப் பின்னும் அவருடைய எழுத்தில் பகைவர்மீது வெறுப்பு தலைதூக்கவில்லை. காவலுக்கு நின்ற எளிய துருக்கியச் சிப்பாயும் வீட்டுக்குப் போக ஏங்கும் ஒருவனாகவே அவருக்குத் தெரிகிறான். டாயின்பி தம் கொள்கையால் அடைந்த இடத்தை வெனேசிஸ் தம் காயங்களின் வழியே அடைந்தார். நம் மதிப்பீட்டில் வெனேசிசின் நூலே உயர்ந்தது.

1962இல் தீதோ சொத்திரியு அம்மையார் எழுதிய புதினம் இன்னும் ஒரு படி செல்கிறது. எபேசுக்கு அருகிலுள்ள கிரேக்க ஊர் ஒன்றின் உழவன் மனோலிஸ் கதையைச் சொல்கிறான். முதலில் துருக்கியரின் வேலைப் படையில் வதைபட்டவன். பின்னர் கிரேக்கப் படையில் சேர்ந்து தான் பிறந்த மண்ணிலேயே அண்டை வீட்டாரோடு போரிட்டவன். எல்லாம் இழந்து கடலைக் கடந்தபின், அக்கரையைப் பார்த்துத் தன் கைபட்ட இரத்தத்துக்காக அந்நிலத்திடம் மன்னிப்பு வேண்டுகிறான். அரசனின் புகழுக்காக அன்றிப் பாவ அறிக்கையாகவே பாடப்படும் கொற்றவள்ளை இது. தோற்றவனே பகைவரின் நிலத்துக்காக இரங்கும் இத்தகைய குரலுக்கு நம் இலக்கணத்தில் துறை இல்லை. ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு அக்குரல் புதிதன்று.

போருக்குப் பின் 1923 ஜனவரி 30ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்க நாட்டுக்கு உரியவராயினர். மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இஸ்லாமியர் துருக்கிக்கு உரியவராயினர். யார் எங்கே போவது என்பதை மதம் முடிவு செய்தது, மொழி அன்று. துருக்கிய மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவரும், கிரேக்க மொழியே தாய்மொழியான கிரீட் தீவின் இஸ்லாமியரும் தாம் அறியாத தாய்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சமயப் போர் என்று அதைச் சொன்னவர்களின் சொல்லே இறுதியில் சட்டமாயிற்று. போரை நாம் எந்தச் சொல்லால் விவரிக்கிறோம் என்பது வெறும் நடையழகுச் செய்தியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாகூமும் யோனாவும்

விவிலியத்தில் நினிவே நகரை மையமாகக் கொண்ட இறைவாக்கு நூல்கள் இரண்டு உள்ளன. இஸ்ரயேலை நசுக்கிய அசீரியரின் தலைநகர் அது. நாகூம் அந்நகரின் வீழ்ச்சியைத் தேரொலியும் வாளின் மின்னலுமாகப் பாடுகிறார். ஒடுக்கப்பட்டோரின் நெஞ்சிலிருந்து எழுந்த பரணி அது. யோனா நூலோ அதே நகரத்தின்மீது கடவுள் இரங்குவதையும், அவ்விரக்கம் பொறாமல் இறைவாக்கினர் சினந்து அமர்ந்திருப்பதையும் காட்டுகிறது. வலக்கை இடக்கை அறியாத மக்களுக்காகவும், அவர்களின் கால்நடைகளுக்காகவும் கடவுள் இரங்கக் கூடாதா என்ற கேள்வியோடு அந்நூல் முடிகிறது. யோனா என்ன மறுமொழி சொன்னார் என்று எழுதப்படவில்லை.

திருச்சபை இரண்டையும் ஒரே திருநூலில் வைத்துக் காத்திருக்கிறது. துன்புற்றவனின் கோபத்துக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் நாகூமை மட்டும் வாசித்துவிட்டு நூலை மூடிவிடுபவன் விவிலியத்தை வாசித்தவனாக மாட்டான். சகாரியாவின் போரைக் கிறிஸ்தவரின் தோல்வி என்று புலம்பியவர்களும், இஸ்லாத்தின் வெற்றி என்று முழங்கியவர்களும் நாகூமோடு நின்றுவிட்டவர்களே.

நம் நாட்டில் அந்த ஆண்டு

இஃது எங்கோ நடந்த செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. செவ்ரே உடன்படிக்கை கையெழுத்தான இரண்டே நாள்களில், 1920 ஆகஸ்டு 12ஆம் நாள், காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் சென்னைக் கடற்கரையில் கிலாபத்துக்காகவும் ஒத்துழையாமைக்காகவும் பேசினர். அங்காராவுக்கென்று இந்திய இஸ்லாமியர் நிதி திரட்டி அனுப்பினர். 1921 ஆகஸ்டு 20இல் மலபாரில் கிளர்ச்சி மூண்டது. 23இல் சகாரியாவில் போர் தொடங்கியது. செப்டம்பர் 13இல் அப்போர் முடிந்தது; மறுநாள் வால்டேர் இரயில் நிலையத்தில் மௌலானா முகமது அலி கைதானார். அவரோடு பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள் தொடர்ந்து தமிழகத்துக்கு வந்து, 22ஆம் நாள் மதுரையில் அரையாடை பூண்டார். பெல்ஜியம் என்னும் சிறுநாடு உலகப் போரில் வீழ்ந்தபோது வீழ்ந்த அந்நாட்டை வாழ்த்திப் பாடிய பாரதியார் அதே செப்டம்பரில் மறைந்தார்.

கிலாபத் மேடைகள் எரிந்த துருக்கிய ஊர்களுக்காக இரங்கின, அது நியாயமே. ஆனால் பாலையில் மடிந்த ஆர்மேனியருக்கு அம்மேடைகளில் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஐரோப்பியக் கிறிஸ்தவ ஏடுகள் பலவற்றில் இதுவே தலைகீழாக இருந்தது. எந்தக் கலீபாவுக்காக இங்கே மக்கள் சிறை சென்றனரோ, அப்பதவியை 1924 மார்ச்சு 3ஆம் நாள் ஒழித்தது வெற்றிபெற்ற துருக்கியரின் சொந்த நாடாளுமன்றமே. அந்நாட்டாரின் மெய்யான நிலை என்னவென்று கேளாமல் ஒரு கொடியைப் பார்த்து மட்டும் உணர்ச்சிவயப்படுவோர்க்கு வரலாறு கற்பிக்கும் பாடம் இது.

ஆயக்குடியில், பழனி மலையடிவாரத்துக் கொய்யாத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்குப் படையெடுப்பு என்றால் என்னவென்று நூல்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இவ்வூர் ஒரு பாளையமாக இருந்தது. 1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பொறுப்பை ஏற்றது முதல் 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தது வரை, இச்சமவெளி படைகளின் வழித்தடமாக இருந்தது. அன்று யார் வென்றார் என்பது பாடநூலில் இருக்கிறது. விளைந்த சோளத்தை யார் குதிரை மேய்ந்தது என்பதை எழுதியவர் இல்லை.

இன்றைய போர்கள் நம் வீட்டுத் திரைக்கே வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்க்கும்போதே எந்தப் பக்கம் நம் பக்கம் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. பெரும்பாலும் சமயத்தின் பெயரைக் கொண்டே முடிவு செய்கிறது. அதன்பின் நம்மவர் எரித்த ஊர் வதந்தியாகிறது. பிறர் எரித்த ஊர் வரலாறாகிறது. திருப்பலி முடிந்து வாயிலில் நின்று பேசும்போதும், தேநீர்க் கடையில் இஸ்லாமிய அண்டை வீட்டாரோடு நாளிதழைப் பகிர்ந்துகொள்ளும்போதும் நாம் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் ஒரு சிறு பரணியாகவோ கொற்றவள்ளையாகவோ அமைகிறது.

அந்தப் போர் இன்னும் ஓயாதிருந்த 1921 டிசம்பரில், கான்ஸ்தாந்திநோபிள் நகரின் தூய ஆவியார் பேராலய முற்றத்தில், அன்று உயிரோடிருந்த திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டுக்கு ஒரு சிலை நிறுவப்பட்டது. போர்க்காலத்தில் இனமும் சமயமும் பாராமல் அவர் செய்த உதவிகளுக்கு நன்றியாக, துருக்கியரும் யூதரும் கீழைத் திருச்சபையினரும் அதற்குப் பொருள் கொடுத்தனர். அச்சிலை இன்றும் அங்கே நிற்கிறது. டாயின்பியின் நூலையும் வெனேசிசின் நூலையும் சொத்திரியுவின் புதினத்தையும் வாசிக்க வாய்ப்புள்ளோர், இம்மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்குமாறு பரிந்துரைக்கிறோம். தமிழில் போரைப் பற்றி எழுத முனையும் நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: முதற்பக்கத்தை எந்தத் தரப்பிலிருந்து தொடங்கினாலும், கடைசிப் பக்கத்துக்குள் மறு தரப்பின் ஓர் ஊரையாவது, அங்கே வாழ்ந்த ஒருவரையாவது பெயர் சொல்லி எழுதுங்கள்.